பாற்பொருள்களுக்கு மாற்று: வீட்டில் கேக்கும் ரொட்டியும் சுடுவோர்க்கு ஒரு பாடம்

திருப்பதி நகரும் அதனைச் சூழ்ந்த பகுதியும் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. இன்று அவை தனி மாவட்டமாயினும், இவ்விரு மாவட்டங்களின் உணவு வளம் ஏறக்குறைய ஒன்றே. இவ்வட்டாரத்தில் மூன்று பொருள்கள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, கறவை மாடுகள் தரும் பால். மற்றொன்று, மானாவாரி நிலங்களில் விளையும் வேர்க்கடலை. மூன்றாவது, களியாகவும் கூழாகவும் நாள்தோறும் உண்ணப்படும் கேழ்வரகு. இம்மூன்றையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு சிறு துறை, இல்லங்களில் கேக்கு, ரொட்டி, பிஸ்கோத்து ஆகியவற்றைச் சுடுதல் ஆகும்.

முன்னர் இப்பண்டங்கள் கடையில் மட்டும் கிடைத்தன. இப்பொழுது 'ஓவன்' எனப்படும் மின் சூட்டடுப்பு பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அஃதில்லாதார் குக்கரின் அடியில் மணலோ உப்போ பரப்பி, ரப்பர் வளையத்தையும் விசில் குண்டையும் நீக்கிவிட்டு, அதனையே சூட்டடுப்பாகப் பயன்படுத்துகின்றனர். மகளிர் குழுக்கள் சிலவற்றில் இது ஒரு கைத்தொழிலாகவும் வளர்ந்துள்ளது. ஆகவே களப்பணியாளர்களிடமும் ஆசிரியர்களிடமும் அடிக்கடி ஒரு வினா எழுகிறது: 'பாலும் வெண்ணெயும் தயிரும் இன்றி இவற்றைச் செய்ய இயலுமா? அவற்றுக்கு ஈடாக எதைச் சேர்க்கலாம்?'

இவ்வினா மூன்று காரணங்களால் எழுவதுண்டு. வீட்டில் ஒருவருக்குப் பால் ஒவ்வாமல் இருக்கலாம். கோடையில் கறவை குறைந்து, பாலும் வெண்ணெயும் கிடைப்பது அரிதாகலாம். விரதத்தாலோ கொள்கையாலோ ஒருவர் பாற்பொருள்களைத் தவிர்க்கலாம். காரணம் எதுவாயினும் விடையைத் தேடும் முறை ஒன்றே. பாற்பொருளின் பெயரை மட்டும் பார்த்து மாற்றுத் தேடலாகாது. அப்பொருள் மாவில் என்ன பணியைச் செய்கிறது என்பதை அறிந்து, அப்பணிக்கே மாற்றுத் தேட வேண்டும். அவ்வாறு மாற்றியதை உண்பவருக்கு வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். இவ்விரண்டுமே இப்பாடத்தின் சாரம்.

பாலில் அடங்கியிருப்பவை

பசும்பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 87 பங்கு நீர். எஞ்சியதில் கொழுப்பு சுமார் 4 பங்கு, புரதம் 3 பங்குக்குச் சற்று மேல், லாக்டோஸ் எனப்படும் பாற்சர்க்கரை 4½ பங்குக்குச் சற்று மேல், சுண்ணாம்புச் சத்து முதலிய தாது உப்புகள் முக்கால் பங்கு எனக் கொள்ளலாம். எருமைப் பாலில் நீர் இதனினும் குறைவு. கொழுப்பு 6 முதல் 8 பங்கு வரை இருக்கும். ஆகவே பசும்பாலுக்கு எழுதப்பட்ட அளவில் எருமைப் பாலைச் சேர்த்தாலே பண்டத்தின் தன்மை சற்று மாறும்.

வெண்ணெய் முழுதும் கொழுப்பு என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கடையில் விற்கும் வெண்ணெயில் கொழுப்பு 80 விழுக்காடு. நீர் 16 விழுக்காடு வரை இருக்கலாம். எஞ்சியது உப்பும் பாலின் பிற திடப்பொருளும் ஆகும். அவ்வெண்ணெயைக் காய்ச்சி நீரை ஓட்டிய பின் கிடைக்கும் நெய்யோ ஏறக்குறைய முழுக் கொழுப்பு. அதில் நீர் அரை விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. இவ்வொரு வேறுபாட்டை மனத்திற்கொண்டால், மாற்றுப் பொருள் சேர்ப்பதில் நேரும் குறைகளுட் பல தாமே நீங்கிவிடும்.

பாற்பொருள்கள் மாவில் செய்யும் பணிகள்

முதலாவது, ஈரம் தருதல். மைதாவின் புரதங்கள் நீரை உண்டு, 'குளூட்டன்' என்னும் இழுபடும் பசையாக மாறுவதற்கும், மாப்பொருள் வெந்து உறைவதற்கும் நீர் வேண்டும். பால் இந்நீரைத் தருகிறது.

இரண்டாவது, மென்மை தருதல். கொழுப்பு மாவின் துகள்களைப் போர்த்து, குளூட்டன் இழைகள் நீளாமல் தடுக்கிறது. நெய் பிஸ்கோத்து வாயிலிட்டதும் உதிர்வது இதனால்தான்.

மூன்றாவது, காற்றைத் தாங்குதல். கெட்டியான வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்துக் குழைக்கும்பொழுது, கொழுப்பின் நுண்ணிய படிகங்களிடையே காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்கின்றன. சூட்டில் அவை விரிந்து கேக்கை உயர்த்துகின்றன. உருகிய நெய்க்கும் எண்ணெய்க்கும் இவ்வாற்றல் இல்லை. திருப்பதியின் கோடையில் வெப்பம் 40 பாகைக்கு மேற்செல்லும் நாட்களில், வெண்ணெயே கிண்ணத்தில் உருகிவிடுவதால் கேக்கு கனத்துப் போவதும் இக்காரணம் பற்றியே. அக்காலத்தில் வெண்ணெயைக் குளிர்ந்த நீரில் வைத்த பாத்திரத்தில் குழைத்தல் நலம்.

நான்காவது, புளிப்புத் தருதல். தயிரிலும் மோரிலும் உள்ள லாக்டிக் அமிலம் சமையல் சோடாவுடன் சேர்ந்து கரியமில வாயுவை எழுப்புகிறது. இவ்வாயுவே முட்டை சேராத கேக்கைப் பொங்கச் செய்கிறது.

ஐந்தாவது, நிறமும் மணமும் தருதல். பாலின் புரதமும் பாற்சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து, மேற்புறத்தைப் பொன்னிறமாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலார் லூயி கமீய் மையார் 1912இல் விளக்கிய வினை இது. ரொட்டியைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் பாற்சர்க்கரையை உண்பதில்லை. ஆதலின் அது மாவில் எஞ்சியிருந்து நிறத்திற்கு உதவுகிறது. நெய்யின் மணத்திற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆடு மாடுகளின் பாற்கொழுப்பில் பியூட்டிரிக் அமிலம் முதலிய எளிதில் ஆவியாகும் அமிலங்கள் உள்ளன. இவற்றை அளக்கும் ரைக்கெர்ட்-மைசில் எண் நெய்க்குப் பெரும்பாலும் 24க்கு மேற்பட்டிருக்கும். தேங்காய் எண்ணெய்க்கு 6 முதல் 8 வரையும், கடலை எண்ணெய்க்கு 1க்கும் குறைவாகவும் இருக்கும். ஆகவே பிற எண்ணெய்கள் நெய்யின் மென்மையை ஓரளவு தரலாம். அதன் மணத்தைத் தாரா.

ஆறாவது, கட்டமைப்புத் தருதல். பாலின் புரதம் சூட்டில் உறைந்து பண்டத்திற்கு உறுதி தருகிறது. முட்டை சேர்க்கும் வீடுகளில் இப்பணியை முட்டையே பெரிதும் செய்துவிடும். முட்டை சேர்க்காத வீடுகளிலோ தயிரும் சுண்டிய பாலும் முட்டையின் இடத்தில் நிற்கின்றன. அவற்றையும் நீக்கும்பொழுதுதான் கடினம் மிகுகின்றது. இதனை முதலிலேயே அறிந்து கொள்ளல் வேண்டும்.

வெண்ணெய்க்கு மாற்று

100 கிராம் வெண்ணெய் கேட்கும் செய்முறையில் நெய்யோ எண்ணெயோ சேர்ப்பதாயின், 80 கிராம் மட்டும் சேர்த்து, 16 மில்லி லிட்டர் நீரை மாவின் ஈரத்துடன் கூட்ட வேண்டும். 80 கிராம் எண்ணெய் ஏறக்குறைய 88 மில்லி லிட்டர் ஆகும். 100 கிராமுக்கு 100 கிராம் என மாற்றினால் கொழுப்பு மிகுந்து, நீர் குறைந்து, பண்டம் எண்ணெய்ப் பிசுக்குடன் நொறுங்கும்.

எண்ணெய்க்குக் காற்றைத் தாங்கும் ஆற்றல் இல்லை என மேலே கண்டோம். எனவே எண்ணெய் சேர்க்கும் கேக்கில் பொங்குதல் முழுவதும் சோடாவையும் பேக்கிங் பவுடரையுமே பொறுத்தது. அவற்றின் அளவு பிசகலாகாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழ் உறையும் இயல்புடையது. குளிர்ச்சியாக வைத்தால் அதனைச் சர்க்கரையுடன் ஓரளவு குழைக்கலாம். பிஸ்கோத்துக்கு அது ஏற்றது.

செயற்கை வெண்ணெயாகிய மார்கரினைப் பிரான்சு நாட்டில் மேழ்-மூரியே என்பவர் 1869இல் உருவாக்கினார். அதிலும் கொழுப்பு 80 விழுக்காடாதலால் வெண்ணெய்க்கு நேர் அளவில் சேர்க்கலாம். எனினும் மார்கரின் வகைகள் சிலவற்றில் பாலின் திடப்பொருள் சேர்க்கப்படுவதுண்டு. பால் ஒவ்வாதவர்க்கென வாங்குவோர் உறையிலுள்ள பட்டியைப் படித்தே வாங்க வேண்டும். வனஸ்பதியில் முன்னர் மிகுந்திருந்த 'டிரான்ஸ்' கொழுப்பு இருதயத்திற்குத் தீங்கு பயப்பது. எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்னும் விதி 2022 ஜனவரி முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது.

தயிருக்கு மாற்று

தயிரின் முதற்பணி புளிப்பு ஆகையால், இங்குச் சிறு கணக்கு வேண்டும். 90 கிராம் லாக்டிக் அமிலம் 84 கிராம் சமையல் சோடாவை நடுநிலையாக்கும். நன்கு தோய்ந்த தயிரில் அமிலம் ஏறத்தாழ 0.8 விழுக்காடு எனக் கொண்டால், 200 கிராம் தயிரில் 1.6 கிராம் அமிலம் இருக்கும். அது சுமார் 1.5 கிராம் சோடாவுக்கு ஈடாகும். அதாவது தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு. இதற்கு மேல் சேர்க்கும் சோடா கேக்கிலேயே தங்கி, சவர்க்காரச் சுவையையும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தையும் தரும்.

தயிரை நீக்கும்பொழுது அதே அளவு புளிப்பை வேறு வழியில் தரவேண்டும். எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் ஏறக்குறைய 5 முதல் 6 விழுக்காடு உண்டு. 1.5 கிராம் சோடாவுக்கு அச்சாறு 20 மில்லி லிட்டர் போதும். 4 விழுக்காட்டுக் காடியாயின் சுமார் 27 மில்லி லிட்டர் வேண்டும். ஆகவே 200 கிராம் தயிருக்குப் பதிலாக, கெட்டியான வேர்க்கடலைப் பால் 160 மில்லி லிட்டரும் எலுமிச்சைச் சாறு 20 மில்லி லிட்டரும் கலந்து, பத்து நிமிடம் வைத்திருந்து சேர்க்கலாம். கலவை சற்றுத் திரிந்து காணப்படும்; அது குற்றமன்று.

எடுத்துக்காட்டாக ஒரு செய்முறை: மைதா 200 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், எண்ணெய் 80 மில்லி லிட்டர், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சோடா தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு, மேற்கூறிய கலவை 180 மில்லி லிட்டர். உலர்ந்தவற்றைச் சலித்துக் கலந்து, ஈரமானவற்றைச் சேர்த்து, கட்டியின்றி விரைவாகக் கலக்கி, காலந்தாழ்த்தாது சூட்டடுப்பில் வைக்க வேண்டும். 175 பாகை வெப்பத்தில் 35 முதல் 40 நிமிடம் வேண்டியிருக்கும். அமிலமும் சோடாவும் சேர்ந்த கணமே வாயு எழத் தொடங்குமாதலால், கலந்த மாவை வைத்திருந்தால் வாயு வீணாகும்.

பாலுக்கும் சுண்டிய பாலுக்கும் மாற்று

ஈஸ்ட் சேர்த்த ரொட்டியில் பாலுக்கு மாற்றுச் செய்வது மிக எளிது. பாலின் அளவில் பத்தில் ஒன்பது பங்கு நீரும், சிறிது சர்க்கரையும், ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்தால் போதும். ரொட்டி நன்கு உப்பும். நிறம் மட்டும் சற்றுக் குறையும்.

டின்னில் வரும் இனிப்பிட்ட சுண்டிய பாலில் சர்க்கரையே 40 விழுக்காட்டுக்கு மேல் உள்ளது. 400 கிராம் டின்னுக்கு மாற்றாக, வேர்க்கடலைப் பால் 500 மில்லி லிட்டருடன் சர்க்கரை 170 கிராம் சேர்த்து, சிறு தீயில் துழாவிக்கொண்டே 400 கிராம் எடைக்கு வரும்வரை சுண்டக் காய்ச்சலாம். சுண்டிய பாலைப் பெயரளவில் எண்ணி வெறும் தேங்காய்ப் பாலை ஊற்றுவோர், சர்க்கரையையும் புரதத்தையும் விட்டுவிட்டு நீரை மட்டும் கூட்டியவராவர். கேக்கின் நடுப்பகுதி வேகாமல் அமிழ்ந்து போவதற்கு அதுவே காரணம்.

வேர்க்கடலைப் பாலும் அதன் எச்சரிக்கையும்

இவ்வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் மாற்று, மணிலாக் கொட்டை என்றும் வழங்கும் வேர்க்கடலையே. பருப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பங்கு புரதமும், பாதியளவு எண்ணெயும் உள்ளன. திருப்பதியிலுள்ள வட்டார வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இப்பயிரில் நெடுங்காலமாக ஆய்வு நடத்தி, 'தரணி' முதலிய வகைகளை உழவர்க்கு வழங்கியுள்ளது.

பால் எடுக்கும் முறை வருமாறு: 100 கிராம் பருப்பை எட்டு மணி நேரம் ஊறவைத்து, தோலை நீக்கி, நன்கு கழுவி, 400 மில்லி லிட்டர் நீர் சேர்த்து மையாக அரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். வடித்த பாலைத் துழாவிக்கொண்டே பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் பச்சை வாடை நீங்கும். இதனை அன்றே பயன்படுத்த வேண்டும். எஞ்சிய திப்பியை வீசாமல் பிஸ்கோத்து மாவில் சேர்க்கலாம்.

இதில் ஓர் அபாயம் உண்டு. களப்பணியாளர்கள் இதனை விடாது வலியுறுத்த வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருந்தொகையாக மடிந்தன. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சைக் காளான் உண்டாக்கிய நஞ்சு இருந்தமை பின்னர்ப் புலனாயிற்று. 'அஃபிளடாக்சின்' எனப் பெயர் பெற்ற அந்நஞ்சு கல்லீரலைக் கெடுப்பது; புற்றுநோயும் விளைப்பது. பயிரின் இறுதிக் காலத்தில் மழை பொய்த்து வறட்சி நேரும் நிலங்களிலும், ஈரம் உலராமல் மூட்டை கட்டும் இடங்களிலும் இக்காளான் மிகுதியாகப் பற்றும். இராயலசீமைப் பகுதியில் அத்தகைய வறட்சி புதிதன்று.

சூட்டடுப்பு இந்நஞ்சை நீக்கும் என்று நம்புதல் தவறு. அடுப்பின் வெப்பம் 175 பாகையாயினும், ஈரம் உள்ளவரை கேக்கின் உட்புறம் 100 பாகையைக் கடப்பதில்லை. அஃபிளடாக்சினோ 200 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில்தான் முற்றும் சிதையும். ஆகவே காப்பு, தேர்ந்தெடுத்தலிலேயே உள்ளது. சுருங்கியவை, உடைந்தவை, நிறம் மாறியவை, பூஞ்சை படிந்தவை, கசப்பவை ஆகிய பருப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நீக்க வேண்டும்; நீக்கியதைக் கோழிக்கோ கறவை மாட்டுக்கோ இடலாகாது, ஏனெனில் மாட்டின் வழியே அந்நஞ்சின் ஒரு கூறு பாலிலும் வந்து சேரும். காய்களை ஈரம் 8 விழுக்காட்டுக்குக் கீழ் வரும்வரை உலர்த்திச் சேமிக்க வேண்டும். மேலும், வேர்க்கடலையே ஒவ்வாதவரும் உளர். பள்ளியில் வழங்கும் பண்டத்தில் இதனைச் சேர்க்குமுன் பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டறிதல் கடமையாகும்.

சத்தின் கணக்கு

செய்முறையில் ஈடாகும் பொருள் சத்திலும் ஈடாகும் என்பது பொருளன்று. 100 மில்லி லிட்டர் பசும்பாலில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 120 மில்லி கிராம் உள்ளது. வேர்க்கடலைப் பாலிலும் தேங்காய்ப் பாலிலும் அது மிகக் குறைவு. இங்கே நமது கேழ்வரகு துணை செய்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லி கிராமுக்குக் குறையாது. பிஸ்கோத்து மாவில் மூன்றில் ஒரு பங்கு கேழ்வரகு மாவு சேர்த்தால், சுவையும் கெடாது, இழந்த சத்தில் ஒரு பகுதியும் திரும்பும். எள்ளும் சிறந்த துணை.

ஆயினும் வைட்டமின் பி12 தாவர உணவில் இல்லை. முட்டையும் இறைச்சியும் உண்ணாதார்க்குப் பாலும் தயிருமே அதனைத் தரும் வழி. எனவே ஒரு கேக்கில் பாலை நீக்குவது வேறு. குழந்தையின் அன்றாட உணவிலிருந்தே பாலை நீக்குவது வேறு. பின்னதை மருத்துவரின் அறிவுரையின்றிச் செய்யலாகாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு ஈடாக வேர்க்கடலைப் பாலையோ தேங்காய்ப் பாலையோ தருதல் ஒருபோதும் ஆகாது.

அறிவியலாரும் இவ்வெச்சரிக்கையுடனேயே இத்துறையில் இறங்கினர். மைசூரில் 1950 அக்டோபரில் திறக்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், பால் பற்றாக்குறையைப் போக்கும் பொருட்டு, வேர்க்கடலைப் புரதத்தை எருமைப் பாலுடன் சேர்த்து 'மில்டோன்' என்னும் பானத்தை உருவாக்கினர். பாலை அறவே நீக்குவது அவர்தம் நோக்கமன்று. கிடைக்கும் பாலை மேலும் பலருக்கு எட்டச் செய்வதே நோக்கம். குறைந்த சத்துகளையும் அதில் கூட்டினர். இல்லத்தரசியும் அவ்வழியைப் பின்பற்றலாம்: பால் அரிதாகும்பொழுது, பாதி பாலும் பாதி வேர்க்கடலைப் பாலும் சேர்ப்பது முழுவதும் நீக்குவதினும் நல்ல பயன் தரும்.

ஒவ்வாமை இருவகை

'பால் ஒத்துக்கொள்ளவில்லை' என்னும் சொல்லில் இரு வேறு நிலைகள் அடங்கியுள்ளன. பாற்சர்க்கரை செரியாமை ஒன்று. வளர்ந்தவர் பலருக்கு அதனைச் செரிக்கும் நொதி குடலில் குறைந்துவிடுகிறது; இது வட இந்தியரினும் தென்னிந்தியரிடை மிகுதி. பால் அருந்தினால் வயிறு உப்பும், கழிச்சல் உண்டாகும். இத்தகையோர் நெய்யை நீக்க வேண்டியதில்லை. அதில் பாற்சர்க்கரை ஏறக்குறைய இல்லை. தயிரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

மற்றொன்று, பாலின் புரதம் ஒவ்வாமை. இது பெரும்பாலும் சிறு குழந்தைகளிடம் காணப்படுவது. தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் வரை செல்லக்கூடியது. இங்கு ஒரு தேக்கரண்டி பால்தூளும் அபாயமாகலாம். நெய்யிலும் புரதத்தின் சுவடு இருக்கக்கூடுமாதலால் அதனையும் விலக்க வேண்டும். பால் சேர்ந்த மாவைக் கலக்கிய பாத்திரத்தையும் கரண்டியையும் நன்கு கழுவாமல் எடுத்தல் கூடாது. முதல் நிலையினருக்குச் சொல்லும் அறிவுரையை இரண்டாம் நிலையினருக்குச் சொன்னால் உயிருக்கே இடர் நேரும். எந்நிலை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மாற்றும் கலப்படமும்

திருப்பதி லட்டு 2009இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். அது சுடப்படுவதன்று, பூந்தி பொரித்துப் பிடிக்கப்படுவது. எனினும் அதிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுண்டு. அதற்குக் கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை, ஏலம், கற்கண்டு ஆகியவற்றின் அளவை வரையறுக்கும் 'திட்டம்' என்னும் பட்டி உள்ளது. எது எவ்வளவு சேர்கிறது என்பது எழுதி வைக்கப்பட்டிருப்பதே அதன் சிறப்பு. 2024 செப்டம்பரில் அந்நெய்யின் தூய்மை குறித்து எழுந்த சர்ச்சை, அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தனிப் புலனாய்வுக் குழுவை அமைக்கும் அளவுக்குச் சென்றது. அவ்வழக்கின் முடிபு இப்பாடத்தின் பொருளன்று. உணவில் ஒன்றைச் சொல்லி வேறொன்று கலந்திருக்குமோ என்னும் ஐயமே மக்கள் மனத்தை எவ்வளவு புண்படுத்தும் என்பதை அது காட்டிற்று.

அறிவித்துச் செய்வது மாற்று. மறைத்துச் செய்வது கலப்படம். சேர்க்கும் பொருள் ஒன்றேயாயினும் இவ்விரண்டும் வெவ்வேறு. நெய்யில் மறைவாகக் கலக்கப்படும் வனஸ்பதியைக் கண்டறியும் பொருட்டே, அதில் நல்லெண்ணெய் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என இந்திய விதிகள் வகுத்தன. நல்லெண்ணெய் போடுவான் சோதனையில் செந்நிறம் காட்டும். நேர்மையான மாற்று தன்னை அடையாளங் காட்டிக்கொள்ள வேண்டும் என்னும் கொள்கை இவ்விதியில் அமைந்துள்ளது. பொதியிட்டு விற்கும் உணவில் பால், வேர்க்கடலை முதலிய ஒவ்வாமை தரும் பொருள்கள் இருப்பின், அதனை உறையில் குறிக்க வேண்டும் என்னும் விதியும் அக்கொள்கையைச் சார்ந்ததே. விற்பனைக்குச் சுடும் மகளிர் குழுவினர் இதனை முதற்பாடமாகக் கொள்ள வேண்டும். கடலை எண்ணெயில் செய்ததை 'நெய் பிஸ்கோத்து' என்றல் சிறு பொய்யன்று.

வகுப்பறைச் சோதனைகள்

முதற் சோதனை: ஒரு சோதனைக் குழாயில் வெண்ணெய் 10 கிராம் இட்டு, வெந்நீரில் நிறுத்தி, அசைக்காமல் வைக்க வேண்டும். மேலே தெளிந்த கொழுப்பும், கீழே வெண்மையான நீரும் பிரிந்து நிற்கும். நெய்யைக் கொண்டு இவ்வாறே செய்தால் நீர் பிரியாது. 80 கிராம், 16 மில்லி லிட்டர் என்ற கணக்கின் காரணம் மாணவர்க்குக் கண்கூடாகும்.

இரண்டாம் சோதனை: மூன்று குவளைகளில் முறையே தயிர் 100 கிராம், நீர் 90 மில்லி லிட்டரும் எலுமிச்சைச் சாறு 10 மில்லி லிட்டரும், பால் 100 மில்லி லிட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் முக்கால் கிராம் சோடா இட்டுக் கலக்கினால், முதலிரண்டில் வாயு நுரைத்தெழும். பாலில் ஏறக்குறைய எழாது. பின்னர் மூன்றையும் கொதிக்கவைத்து, மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்திய தாளில் ஒவ்வொரு துளி இட வேண்டும். பால் துளி மட்டும் தாளைத் தெளிவாகச் சிவக்கச் செய்யும். அங்குச் சோடா நடுநிலையாகாமல் எஞ்சியிருப்பதே காரணம். கேக்கில் சவர்க்காரச் சுவை எவ்வாறு வருகிறது என்பதை இதனால் விளக்கலாம்.

களப்பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டியவை

(1) எப்பொருளை நீக்குகிறோமோ அது செய்யும் பணிகளை முதலில் எண்ணுக. (2) கரண்டிக் கணக்கினும் எடைக் கணக்கே நம்பத்தக்கது. (3) ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுக. பலவற்றை ஒருங்கே மாற்றினால் குறை எதனால் நேர்ந்தது என்பது விளங்காது. (4) வேர்க்கடலையைப் பொறுக்காமல் அரைக்கலாகாது. (5) பால் செரியாமைக்கும் பால் ஒவ்வாமைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த பின்னரே அறிவுரை கூறுக. (6) மாற்றிய பொருளின் பெயரை உண்பவர் அறியச் செய்க.

திருப்பதியில் 2005இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பாலியல் தொழில்நுட்பமும், வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேர்க்கடலையும் ஆராயப்படுகின்றன. பாலையும் கடலையையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதாமல், ஒன்று குறையும் இடத்தில் மற்றொன்று எந்த அளவிற்கு உதவும் என்று அளந்து பார்ப்பதே அறிவியல் வழி. அவ்வாறு அளந்து பார்க்கும் பழக்கத்தை அடுக்களையிலும் வகுப்பறையிலும் ஏற்படுத்துவதற்கு, ஒரு தராசும் ஒரு சிறு குறிப்பேடும் போதும்.